காட்ரோட்டிலிருந்து சலேத் மாதா கோயில் வரை

கொடைக்கானல் மலைக்குச் செல்வோரில் பலர், வத்தலக்குண்டு தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, ஏரிக்கரையில் இறங்கும்போதுதான் திறக்கின்றனர். வளைவுகளில் தலை சுற்றும் என்பது அவர்கள் கூறும் காரணம். நாமோ 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் அந்தப் பாதையின் ஒவ்வொரு முழத்தையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே ஏறினோம். அதற்குக் காரணம் இயற்கையின் மீதுள்ள பற்று என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. நம் பங்கின் பழைய அம்பாசிடர் கார் அடுத்த முழத்தில் நின்றுவிடுமோ என்ற அச்சமே நம் கண்களைத் திறந்து வைத்திருந்தது.

அம்பாசிடரைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு சொல் கூறவேண்டும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் வார்ப்பை வாங்கி, 1950களின் இறுதியிலிருந்து 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி இது. அமைச்சர்களும் ஆயர்களும் மருத்துவர்களும் ஏறிச் சென்றது. ஒரு குடும்பம் முழுவதும் ஏறி, மேலும் இரு விருந்தினரையும் ஏற்றிக்கொள்ளும். நம் பங்கிலுள்ளது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்டது. மறைந்த பெரியவர் ஒருவரின் குடும்பத்தார், கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் சென்றுவர உதவட்டும் என்று கோயிலுக்குக் கொடுத்தது.

அந்த வண்டிக்குப் பயணத்துக்கு முந்தைய ஓராண்டாகவே நோய் கண்டிருந்தது. ஊருக்குள்ளும் கிளைக் கிராமங்களுக்கும் ஓடும்வரை குறையொன்றும் தெரியாது. நெடுந்தொலைவு சென்றாலோ இழுவை குறைந்துவிடும். மிதிக்க மிதிக்க வேகம் எடுக்காமல், முக்கி முனகும். சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் ஒன்றும் நடவாதது போல் ஓடும். நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சு சாமி, என்ஜினை இறக்கிப் போர் போடணும்” என்று ஒரு பெருந்தொகையைக் கூறினார். பங்குப் பேரவையில் அத்தொகையைக் கேட்ட மாத்திரத்தில், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தனர். பங்குப் பேரவை ஒருமனதாகும் தருணங்கள் அரிது என்பதால் நாமும் ஏறத்தாழ இசைந்துவிட்டோம்.

இன்னொரு கருத்தும் காதோடு காதாக வந்தது. பெட்ரோலில் கலப்படம் இருக்கலாம். ஓட்டுநர் மலிவாக எங்கோ வாங்கிப் போட்டுவிட்டு முழுக் கணக்கு எழுதுகிறாரோ என்னவோ. இதை நாம் வெளிப்படையாக நம்பவில்லை. ஆனால் தள்ளிவிடவும் இல்லை. ஏனெனில் ஒன்றை நாமே கவனித்திருந்தோம். நாம் உடன் சென்று பெட்ரோல் போட்ட நாட்களிலெல்லாம் பங்கிலிருந்து புறப்பட்ட வண்டி குதிரை போல ஓடியது.

நம் பழைய உபதேசியாருக்கு அப்பொழுது வயது 84. இளமையில் செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியின் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு சமவெளிக்கு இறங்கி நாற்பது ஆண்டுகள் ஞானோபதேசம் கற்பித்தவர். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. “முழுசா அணையுறதுக்குள்ள சலேத் மாதா திருவிழாவை ஒரு தடவை பாத்துடணும் சாமி” என்று அவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. பேருந்தில் திருவிழா நெரிசலில் அவரை ஏற்றுவதற்கில்லை. திங்கட்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் அவரையும் அவருடைய துணைவியாரையும் கன்னியர் மடத்து அருட்சகோதரி ஒருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மலையில் பெட்ரோலுக்கு அலையவேண்டாமே என்று நம் ஊரிலேயே டேங்க் வழிய நிரப்பினோம். வழக்கமாக 5 லிட்டருக்கு மேல் போடும் வசதி நம் பங்குக்கு இல்லை.

வத்தலக்குண்டு வரை 60 கி.மீ. சுகமாக வந்தோம். கொடைக்கானல் அங்கிருந்து 50 கி.மீட்டருக்குச் சற்று மேல். தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் கடந்தால் மலையின் காலடியில் காட்ரோடு. மலைப்பாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஊர்ப் பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இப்பாதையை அளந்து வகுத்த மேஜர் லா என்பாரின் பெயரால் இதனை லாஸ் காட் சாலை என்பர். முதல் உலகப் போர்க் காலத்தில்தான் இது மோட்டார் வண்டிகளுக்குத் தக்கதாயிற்று. அதற்கு முன்னர் வந்த குருக்களும் துரைமார்களும் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலும், ஆட்கள் சுமந்த டோலியிலும், கால்நடையாகவும் ஏறினர். அந்தச் சுமைகாரர்களின் தோள்களைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசுவதில்லை.

முதல் சில வளைவுகள் தாண்டியதுமே வண்டி தன் குணத்தைக் காட்டிற்று. மூன்றாம் கியர் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் பம்பின் மீது ஈரத்துணியைச் சுற்றினார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும் என்பது பழைய ஓட்டுநர்கள் அறிந்த பாடம். கால் மணி நேரம் கழித்துப் புறப்பட்டோம். 2 கி.மீ. சென்றதும் அதே முனகல். மீண்டும் துணி, மீண்டும் கால் மணி. இவ்வாறு மூன்று முறை நின்று டம்டம் பாறைக்கு வந்து சேர்ந்தபொழுது நண்பகல் கடந்துவிட்டது.

டம்டம் பாறையில் நின்று பார்ப்பவருக்கு எதிரே பள்ளத்தாக்கின் அப்புறத்துச் செங்குத்துப் பாறையில் தலையாறு அருவி தெரியும். 975 அடி உயரத்திலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக விழுவதால் எலிவால் அருவி என்று பெயர். கீழே மஞ்சளாறு அணையின் நீர் தகடு போல் கிடக்கிறது. உபதேசியார் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அருவி இருந்த திசையில் முகத்தைத் திருப்பி நின்றார். “தெரியுதா?” என்று துணைவியார் கேட்டார். “இருக்கிற எடம் தெரியும்” என்றார் அவர். பிறகு அந்த அம்மாள் நம்மிடம் வந்து தாழ்ந்த குரலில், “சாமி, வண்டியும் முடியலே, இவருக்கும் முடியலே. இங்கேயிருந்தே மாதாவைக் கும்பிட்டுட்டுத் திரும்பிடலாமா?” என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று 84 வயதினரிடம் சொல்ல நாவெழவில்லை.

அப்போதுதான் தேநீர்க் கடையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பேருந்துப் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் கடைக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவர். என்ஜின் மூடியைத் திறக்குமுன் அவர் ஓட்டுநரிடம் பல கேள்விகள் கேட்டார். திடீரென்று விழுகிறதா, மெல்ல மெல்லக் குறைகிறதா? சமதரையில் எப்படி? நிறுத்தி எடுத்தால் சரியாகிறதா? புகை என்ன நிறம்? நம் இல்லங்களுக்கு வந்து நாடி பார்க்கும் நல்ல மருத்துவரைப் போல அவர் கேட்க, நம் ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் துல்லியமாக விடையிறுத்தார். வண்டியை அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்து வந்திருக்கிறார் என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம். நாம் அவரிடம் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

பெரியவர் முதலில் நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் சுடும். வண்டிக்கு வலு இல்லை என்று என்ஜினைக் குறை கூறுவோம். எதுவும் சுடவில்லை. கிளட்ச் வழுக்கினால் என்ஜின் இரையும், வண்டி நகராது, கருகிய வாடையும் வரும். இங்கே இரைச்சலும் வேகமும் சேர்ந்தே விழுந்தன. சைலன்ஸர் வாயில் கையை வைத்துப் பார்த்தார். காற்று தடையின்றி வந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார், தூசிதான், அடைப்பில்லை. டிஸ்டிரிபியூட்டரைத் திறந்து பாயிண்டுகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிறகு டிக்கியிலிருந்த ஹாண்டிலை எடுக்கச் சொல்லி, சாவியை அணைத்துவிட்டு, முன்புறம் செருகி மெதுவாகச் சுற்றினார். நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை எதிர்த்துத் தள்ளும் கனத்தை அதில் உணரலாம். ரிங்கு தேய்ந்த சிலிண்டர் வந்தால் கை சட்டென்று இலகுவாகும். “வாங்க சாமி, நீங்களும் சுத்திப் பாருங்க” என்றார். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நாமும் சுற்றினோம். நான்கும் ஒரே கனம். “யாரு போர் போடச் சொன்னது?” என்று கேட்டார். நாம் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

“மலை உயரத்தினால் இருக்குமோ?” என்று நம் படிப்பைக் காட்டினோம். உயரே செல்லச் செல்லக் காற்று நொய்மையாகும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு என்ஜினின் வலு குறையும். 7,000 அடி உயரத்துக் கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பெரியவர் மறுக்கவில்லை. “மலை அது பங்கை எடுத்துக்கும் சாமி. ஆனா கொஞ்சங் கொஞ்சமாத்தான் எடுக்கும். பாதி தூரங்கூட ஏறலியே, அதுக்குள்ள மொத்தத்தையும் கேக்காது” என்றார்.

ஓட்டுநரை வண்டியை எடுக்கச் சொல்லி, தாமும் பக்கத்தில் ஏறிச் சிறிது தூரம் மேலே சென்றார். முனகத் தொடங்கியதும் சோக்கைச் சிறிது இழுக்கச் சொன்னாராம். வண்டி உடனே ஒரு மூச்சு வேகமெடுத்ததாம். காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுதியாக்குவது சோக்கின் வேலை. அதனால் வலு வருகிறதென்றால் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். திரும்பி வந்து, புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு என்ஜினைச் சுற்றச் செய்தார். கையளவு கொட்டவேண்டிய பெட்ரோல் நுரையும் காற்றுமாகச் சொட்டிற்று. பம்பிலா, குழாயிலா, டேங்கிலா? அவர் நின்று யோசித்தார்.

“டேங்க் மூடியைத் தெறங்க தம்பி” என்றார்.

“சாவி சாமிகிட்டே இருக்கு” என்றார் ஓட்டுநர்.

எல்லோரும் நம்மைப் பார்த்தனர். அங்கியின் பையிலிருந்து நற்கருணைப் பேழையின் சாவியும் அலமாரிச் சாவியும் கிடந்த வளையத்தை எடுத்தோம். அதில் ஒரு சிறிய சாவி டேங்க் மூடிக்குரியது. பூட்டைத் திருகி மூடியை இழுத்ததும் ‘உஸ்’ஸென்று நெடு மூச்சாகக் காற்று உள்ளே பாய்ந்தது. பக்கத்தில் நின்ற அருட்சகோதரி ஓரடி பின்வாங்கினார். பெரியவர் மீண்டும் என்ஜினைச் சுற்றச் சொன்னார். பாட்டிலில் பெட்ரோல் கொழுகொழுவென்று கொட்டிற்று.

சமையலறையில் எண்ணெய் டின்னை உடைக்கும் தாய்மார்கள் ஒரு துளையோடு நிறுத்துவதில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்றும் இடுவர். வெளியேறும் எண்ணெயின் இடத்துக்குக் காற்று போனால்தான் எண்ணெய் வரும். காரின் பெட்ரோல் டேங்குக்கும் அப்படியே. பழைய வண்டிகளில் மூடியிலேயே ஊசித்துளை போன்ற ஒரு வழி வைத்திருப்பர். நம் வண்டியிலிருந்த பூட்டு மூடி வேறேதோ வண்டிக்குச் செய்யப்பட்டது. அதில் அந்த வழி இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்பு இழுக்க இழுக்க டேங்கும் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. சமதரையில் செலவு குறைவு, எப்படியோ சமாளித்தது. ஏற்றத்தில் இரண்டு மூன்று மடங்கு பெட்ரோல் கேட்டபோது கொடுக்க இயலவில்லை. நிறுத்திவைத்தால் மூடியின் இடுக்குகள் வழியே சிறிது காற்று கசிந்து புகுந்து, மீண்டும் கொஞ்சம் ஓடும். ஈரத்துணியின் பெருமை அவ்வளவுதான். 5 லிட்டர் மட்டும் கிடக்கும் டேங்கில் காற்றுக்கு நிறைய இடமிருப்பதால் நோய் தெரியாது. வழிய நிரப்பினால்தான் விரைவில் தெரியும். பெட்ரோல் போடும்போதெல்லாம் மூடி திறக்கப்படுவதால், போட்டவுடன் வண்டி குதிரை போல ஓடியதற்கும் காரணம் அதுவே. நாம் உடன் சென்றதற்கும் பெட்ரோலின் தரத்துக்கும் அதில் தொடர்பே இல்லை.

அந்தப் பூட்டு மூடி வந்த வரலாற்றை அங்கே யாரும் கேட்கவில்லை. ஆயினும் இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும். ஓராண்டுக்கு முன் பெட்ரோல் கணக்கு சற்றுக் கூடுதலாகத் தோன்றிய ஒரு மாதத்தில், டேங்கிலிருந்து யாரோ எடுக்கிறார்கள் என்று எண்ணி, நாமே கடைக்குச் சென்று வாங்கி வந்த மூடி அது. யாரோ என்றோம், நம் மனத்தில் இருந்தவர் ஒருவரே. சாவியை நம் வளையத்தில் போட்டுக்கொண்டோம். அதன் பிறகே வண்டிக்கு நோய் வந்தது; நோய் வந்ததும் அதே மனிதர் மீது கலப்படச் சந்தேகம் கொண்டோம்.

“பழைய மூடி இருந்தா மாட்டிடலாம்” என்றார் பெரியவர். ஓட்டுநர் டிக்கியைத் திறந்து, கருவிப் பையின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். வண்டியோடு வந்த மூடி. “எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்” என்று கூறி, துளையை ஊதிப் பார்த்துவிட்டு மாட்டினார். பெரியவர் பணம் வாங்க மறுத்தார். உபதேசியாரின் துணைவியார் வற்புறுத்தியதன் பேரில் நாங்கள் ஐவரும் அவர் மகளின் கடையில் இரண்டிரண்டு தேநீர் அருந்தினோம்.

அதற்கு மேலுள்ள பாதையைப் பற்றி எழுத அதிகமில்லை. வண்டி நன்றாக ஓடும்போது பயணி எழுத என்ன இருக்கிறது! ஊத்து, பெருமாள்மலை எல்லாம் இரண்டாம் கியரிலும் மூன்றிலுமாகக் கடந்தன. காப்பித் தோட்டங்களின் நிழலும், பேரிக்காய் விற்கும் பெண்களும், மூடுபனியும் வந்து போயின. வெள்ளி அருவியருகில் திருவிழாக் கூட்டத்தின் வண்டிகள் வரிசையில் நின்றன. உயரத்தின் பங்கை மலை மெல்லமெல்ல எடுத்துக்கொண்டதை, ஓட்டுநரின் கால் மிதியில் மட்டுமே காண முடிந்தது.

செண்பகனூரில் உபதேசியார் நிறுத்தச் சொன்னார். 1895ஆம் ஆண்டு சேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் கட்டடம் பனிக்குள் நின்றது. அதன் உயிரினக் காட்சியகத்தைக் காணப் பயணிகள் வருவர். அவரோ தோட்டம் இருந்த பக்கமாகக் கையை நீட்டி, எந்த வரப்பில் என்ன செடி இருந்தது என்று வரிசையாகக் கூறினார். சரியா என்று சொல்ல எங்களில் எவருக்கும் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

சலேத் மாதா கோயிலை 1860களில் எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு சேன் சீர் அடிகள். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் இடத்தில் 1846 செப்டம்பர் 19ஆம் நாள் மாடு மேய்த்த இரு சிறுவர்களுக்கு, மெலானிக்கும் மாக்ஸிமினுக்கும், தேவதாய் முகத்தைக் கைகளில் புதைத்து அழுதவண்ணம் காட்சி தந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் கிரெனோபிள் ஆயர் அதனை ஏற்று அறிக்கை விடுத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்தப் பக்தி பழனி மலைத்தொடரில் இங்கு வந்து வேரூன்றிவிட்டது வியப்பே. இரண்டும் மலைக்கோயில்கள், நம்முடையது ஆல்ப்ஸ் கோயிலைவிடச் சற்று உயரத்தில் உள்ளது என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை.

நாங்கள் சேர்ந்தபொழுது விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. உபதேசியாரைக் கூட்டத்தின் ஊடே நடத்திச் சென்று பீடத்தருகில் உட்கார வைத்தோம். மெழுகுவர்த்திகளின் ஒளி தெரிகிறது என்றார். அழுகின்ற மாதாவின் முகத்தைத் தாம் முன்பே அறிந்தவர் என்பதால் அது போதும் என்றார்.

இரவு செபமாலை முடிந்த பின், கோயில் படிக்கட்டில் ஓட்டுநர் தனியே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாம் அருகில் அமர்ந்தோம். பூட்டு மூடியை ஏன் வாங்கினோம் என்பதைத் தொடக்கத்திலிருந்து சொன்னோம். மற்றவர் பாவசங்கீர்த்தனத்தை முப்பதாண்டுகளாகக் கேட்டு வருபவர்க்கு, இன்னொருவர் முன் வாய் திறப்பது இத்தனை கடினமாயிருக்கும் என்று அதுவரை தோன்றியதில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“தெரியும் சாமி” என்றார்.

பின்னர் வெகுநேரம் பேசவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நாம் வளையத்திலிருந்து அந்தச் சிறிய சாவியைக் கழற்றிக்கொண்டிருந்தோம்; குளிரில் விரல்கள் மரத்து, எளிதில் கழன்றுவரவில்லை. அவர் அதை வாங்கி நகத்தால் நெம்பிக் கழற்றி, மீதிச் சாவிகளை நம்மிடம் கொடுத்தார்.

“நாளைக்குப் பூசை முடிஞ்ச உடனே கிளம்பிடுவோம் சாமி” என்றார். “எறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் காஞ்சு போகும். இரண்டாம் கியர்லதான் எறக்கணும். தாத்தாவை முன்சீட்டுல உக்கார வைப்போம், அவருக்குத் தலை சுத்தாது.”